மணிக்கு ஒருவாட்டி

வாங்க, உக்காருங்க, இடமிருக்குது. பைய நான் எடுத்துக்கறேன். ஜன்னலோரம் நீங்களே போயிக்கங்க, எனக்குக் காத்து ஒத்துக்காது, தலைவலி புடிச்சுக்கும். பல்லடத்துல இத்தனை கூட்டம் ஏறும்னு நெனைக்கலீங்க. ஒரு நிமிஷம் இருங்க, மணி பதினொண்ணு ஆச்சு. ஃபோனைப் பாத்துடறேன்.

இல்லீங்க. ஒண்ணுமில்ல. ஆபீஸ் குரூப்புல ரெண்டு குட்மார்னிங்கு, ஒரு கரண்ட் பில்லு, அவ்வளவுதான். உள்ள வச்சுட்டேன். இனிமேப் பன்னண்டு மணிக்குத்தான்.

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல, எல்லாரும் சிரிக்கறதுதான். என்ற ஃபோன்ல சத்தம் கெடையாதுங்க. அதிர்றதும் கெடையாது. மணிக்கு ஒருவாட்டி நானா எடுத்துப் பாப்பேன், வந்ததுக்கெல்லாம் பதில் சொல்லுவேன், மறுபடி பைக்குள்ள போட்டுருவேன். ஃபோன் என்னையக் கூப்பிடக் கூடாதுங்க. நான்தான் போயி அதைப் பாக்கணும். ரொம்ப வருசமா இப்படித்தான், இதுவரைக்கும் ஒண்ணும் கெட்டுப் போகல.

கரூருக்குப் போறேனுங்க. நீங்க வெள்ளகோயிலா, சரி, பாதித் தூரம் பேச்சுத்துணையாச்சு. என்ற பொண்ணு கரூர்ல இருக்கறா. தாரணின்னு பேரு. மாசமா இருக்கறா. இது ஒம்பதாவது மாசம், டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது. நான் வர்றது அவளுக்குத் தெரியாதுங்க. சொன்னா வராதேன்னுருவா, அதனாலதான் சொல்லாமக் கெளம்பிட்டேன். ஆபீசுக்கு லீவு போட்டாச்சு. வீட்டைப் பூட்டிச் சாவிய எடுத்துட்டு நேராக் கோயமுத்தூர் சிங்காநல்லூர் ஸ்டாண்டுக்கு வந்து பஸ்ஸேறிட்டேன். போயி வாசல்ல நின்னு அவளக் கண்ணால ஒருவாட்டி பாத்துட்டா எனக்குப் போதும். திட்டுனாத் திட்டிட்டுப் போறா. முடிஞ்சாக் கையோட கூட்டிட்டு வந்தரணும்னு ஆசை, பாக்கலாம்.

ஒம்பதாம் மாசத்துல புள்ளத்தாச்சிப் பொண்ணு தாய்வீட்டுலதானே இருக்கணும்னு நீங்க கேக்க வர்றீங்க, கேக்காம இருக்கறீங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுது. எங்க தெருவுல அத்தனை பேரும் அதைத்தானுங்க கேட்டாங்க. வளைகாப்புப் போட்டு, ஊரக் கூட்டிச் சோறு போட்டு, ஏழாம் மாசம் கூட்டிட்டு வந்த பொண்ணு எட்டாம் மாசம் பொட்டியத் தூக்கிட்டுப் புருசன் வீட்டுக்குத் திரும்பிப் போனா, ஊரு என்ன நெனைக்கும். அம்மாக்காரி சோறு போடலன்னு நெனைக்கும். நான் போடாத சோறா. அவளுக்குப் புடிக்கும்னு தெனம் கொள்ளு ரசம், பச்சப் பயிறு, மத்தியானம் மாதுளம்பழம் உரிச்சுக் கிண்ணத்துல. என்ன குறை வச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க.

சரி, நான் முதல்ல என்ற வேலையச் சொல்றேன். அதைச் சொன்னாத்தான் இது புரியும். இல்லாட்டி நானென்னமோ கிறுக்குன்னு நெனச்சுக்குவீங்க.

நான் டேட்டாபேஸ் வேலை பாக்கறேனுங்க. கோயமுத்தூர்ல ஒரு லேப் கம்பெனி, ரத்தம் யூரின்னு டெஸ்ட் எடுக்கறாங்கல்ல, அது. திருப்பூரு, பொள்ளாச்சி, உடுமலைன்னு கெளைங்க இருக்குது. அங்க டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டக் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. ஏத்துனது எங்க டேட்டாபேஸ்ல வந்து விழும். விழுந்ததை எடுத்து டாக்டரோட ஃபோனுக்கு அனுப்பறதுக்குன்னே பின்னாடி ஒரு புரோகிராம் ஓடிட்டிருக்கும். அதைக் கண்ணால பாக்க முடியாது. அது பாட்டுக்குத் தூங்கும். எந்திரிக்கும். புதுசா ஏதாவது விழுந்திருக்குதான்னு பாக்கும். இருந்தா அனுப்பும், இல்லாட்டி மறுபடி தூங்கிரும். எவ்வளவு நேரம் தூங்கணும்னு நாமதான் சொல்லி வைக்கணும். நான் அஞ்சு நிமிஷம்னு வச்சிருந்தேன்.

அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம். மழை பேஞ்சாலும் சரி, தீபாவளியானாலும் சரி, வேலை இருக்குதோ இல்லையோ, அது எந்திரிச்சு ஒருவாட்டி பாத்துட்டுத்தான் படுக்கும். எனக்கு அதுமேல ஒரு பிரியமுங்க. வீட்டுல யாரும் நான் சொன்ன பேச்சைக் கேட்டதில்ல, அது ஒண்ணுதான் கேட்டுச்சு.

அப்பறம் ஜோயல்னு ஒருத்தர் வந்தாரு. நாகர்கோயில்காரரு, எங்களுக்கெல்லாம் மேல. தங்கமான மனுசன், குறை சொல்லக் கூடாது. வந்தவரு என்ற புரோகிராமைப் பாத்துட்டு, "மேடம், இது நாள் பூரா எழுந்து எழுந்து பாக்குது, முக்காவாசி நேரம் ஒண்ணுமே இருக்க மாட்டேங்குது. சர்வருக்குத்தான் வீண் அலைச்சல்"னாரு. சரிங்க, அலையட்டும், அலையறதுக்குத்தானே வச்சிருக்கோம்னேன். "அதில்ல மேடம், உண்மையிலேயே ரிசல்ட் வந்து விழற நேரத்துல இது தூங்கிட்டிருக்கு. டாக்டர் அங்க காத்துட்டிருக்காங்க"ன்னாரு.

என்னுங்க? பையில வெளிச்சம் அடிக்குதா. அடிக்கட்டுமுங்க, விடுங்க. ஆபீஸ்காரங்களாத்தான் இருக்கும். லீவு போட்டாலே அவங்களுக்கு அன்னைக்குத்தான் எல்லாச் சந்தேகமும் வரும். இப்பத்தானே பாத்தேன்.

எங்க விட்டேன். டாக்டர். அவரு சொன்னதுல ஒரு சங்கதி இருந்துச்சுங்க, நான் இல்லைங்கல. திருப்பூர்ல ஒரு டாக்டரம்மா, பேஷண்ட்ட எதிர்ல படுக்க வச்சுட்டு ரிசல்ட்டுக்காகப் பாத்துட்டு இருந்திருக்கறாங்க. லேபுக்கு ஃபோன் போட்டா, ஏத்தியாச்சுங்கறாங்க. அந்தம்மா ஃபோனுக்கு வரல. எங்க ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கத்துனாங்க பாருங்க. அந்தப் பேஷண்ட் பொழச்சுக்கிட்டாருன்னு வைங்க, அது வேற. நான் உக்காந்து ஒண்ணொண்ணாப் பாத்தேன். என்ற புரோகிராம் சரியான நேரத்துக்குத்தான் எந்திரிச்சிருக்குது. அது பாத்துட்டுக் கண்ணு மூடுன கையோட அந்த ரிசல்ட் வந்து விழுந்திருக்குது. அதுக்கு அது என்னங்க பண்ணும். சரியான நேரத்துக்கு எந்திரிச்சுச்சா இல்லையா, அதானே கேள்வி. மீட்டிங்குலயும் அதைத்தான் சொன்னேன்.

ஆனா முடிவு என்ன ஆச்சுன்னா, ஜோயல் என்ற அஞ்சு நிமிஷ டைமரைத் தூக்கிட்டாரு. இனிமே ரிசல்ட் விழுந்ததும் டேட்டாபேஸே அந்தப் புரோகிராமைத் தட்டி எழுப்பும். எந்திரி, வேலை வந்திருக்குதுன்னு. தட்டற வரைக்கும் அது நிம்மதியாத் தூங்கலாம். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. செஞ்சதுக்கப்பறம் ரிசல்ட் விழுந்த நொடியே டாக்டருக்குப் போச்சு, எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. நான் ஒரே ஒரு கேள்விதானுங்க கேட்டேன். தட்டறவன் தட்டாமப் போயிட்டா? "ஏன் மேடம் தட்டாமப் போறான்"னாரு. எனக்குத் தெரியாதுங்க, போயிட்டான்னு வச்சுக்கங்க, உங்க ஆளு தூங்கிட்டே இருப்பானே, என்னைக்கு எந்திரிப்பான். சிரிச்சாரு.

அதைக் கேக்கறதுக்கு எனக்குக் காரணம் இருக்குதுங்க. எங்கூட்டுக்காரரு தவறுன அன்னைக்கு, காலையில நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னாரு. வாயுவா இருக்கும்னு அவரேதான் சொல்லிக்கிட்டாரு. நான் லீவு போடறேன்னேன். "நீ போ, ஏதாவதுன்னா நான் கூப்பிடறேன்"னாரு. நல்லா ஞாபகம் இருக்குதுங்க, சட்டைப் பித்தான் போட்டுக்கிட்டே சொன்னாரு. நான் ஃபோனை மேஜை மேல வச்சு, சத்தத்தைப் பெருசா வச்சு, காலையிலிருந்து அதையே பாத்துட்டிருந்தேன். அது அடிக்கவே இல்ல. அடிக்கலைன்னா நல்லாருக்கறாருன்னுதானே அர்த்தம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நானாக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு ராசாமணிதான் எடுத்துச்சு. அது அழுகறதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்.

அவரு கூப்பிடலீங்க. கூப்பிட முடியல. கூப்பிட வேண்டிய ஆளுக்குத்தான் ஆகிப்போச்சுன்னா அப்பறம் யாரு கூப்பிடறது. அதுக்கப்பறந்தான் ஃபோன்ல சத்தத்தையே நிறுத்துனேன். கூப்பிடுவாங்கன்னு நம்பி உக்காந்திருக்கறதுல என்னங்க இருக்குது. நாமதான் போயிப் போயிப் பாக்கணும். நேரத்துக்குப் பாக்கணும்.

அழுகலீங்க, கண்ணுல தூசி. ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க.

பொள்ளாச்சிக் கதையச் சொல்லாம விட்டுட்டேன் பாருங்க. ஜோயல் வேலை முடிச்சு ரெண்டு மாசம் இருக்கும். ஒருநாள் நெட்வொர்க் சித்த நேரம் போயிட்டு வந்துச்சு. வந்ததும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா பொள்ளாச்சி ரிசல்ட்டப் பாக்கற புரோகிராம் மட்டும், இன்னும் நம்மளுக்குக் கனெக்‌ஷன் இருக்குதுன்னு நெனச்சுட்டுத் தூங்கிட்டிருக்குது. டேட்டாபேஸ் தட்டுது தட்டுது, அந்தத் தட்டு யாருக்கும் போயிச் சேரல. காலை பூரா ரிசல்ட் விழுந்து குமிஞ்சு கெடக்குது. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல. பொள்ளாச்சியில இன்னைக்குக் கூட்டமில்ல போலன்னு பேசிக்கறாங்க. எப்படித் தெரியும்? வேலை இல்லாதப்பவும் அது சும்மாத்தான் இருக்கும், எழுப்பறவன் இல்லாதப்பவும் சும்மாத்தான் இருக்கும். ரெண்டும் பாக்கறதுக்கு ஒண்ணு மாதிரியே இருக்கும்.

எனக்கு மட்டும் மனசுல ஒரு வெசனம். போயி டேபிளத் தொறந்து பாத்தேன். அத்தனையும் அங்க கெடக்குது. ஜோயலக் கூப்பிட்டுக் காட்டுனேன். மனுசன் மூஞ்சி செத்துப் போச்சு. அப்பறம் அவரே வந்து, "மேடம், நீங்க சொன்னதும் சரி. ரெண்டையும் வச்சுக்கலாம். தட்டுனா உடனே எழுந்துக்கட்டும். யாரும் தட்டலைன்னாலும் மணிக்கு ஒருவாட்டி தானா எழுந்து பாத்துக்கட்டும்"னாரு. நான் ஒத்துக்கலீங்க. அதென்ன ரெண்டுங்கெட்டான் வேலை. நான் சொன்னது சரின்னா என்ற டைமரத் திருப்பிக் குடுங்க, முழுசாக் குடுங்கன்னேன். கேக்கல. அவரு சொன்ன மாதிரி ரெண்டையும் வச்சு ஓட்டிட்டிருக்கறாங்க. ஓடுது, என்னமோ ஓடுது. நான் அந்தப் பக்கமே போறதில்ல.

இப்பப் புரியுதுங்களா, என்ற பொண்ணு விசயத்துல நான் ஏன் அப்படி இருந்தேன்னு.

அவ வந்தப்ப நான் ஒண்ணும் அதிகமாக் கேக்கலீங்க. மணிக்கு ஒருவாட்டி, அவ்வளவுதான். கொழந்த அசையுதா கண்ணு. அசையுதும்மா. எத்தனைவாட்டி அசைஞ்சுது. நான் எண்ணலம்மா. ஏன் எண்ணல. இதுல என்ன தப்பிருக்குது, நீங்களே சொல்லுங்க. வீட்டுலருந்தே வேலை பாக்கறேன்னு ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டேன், அவளுக்காகத்தான். முன்ரூம்ல உக்காந்து வேலை பாப்பேன், மணியடிச்சா எந்திரிச்சுப் போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருவேன். அவ குளிச்சிட்டிருந்தாக் கதவைத் தட்டிக் கேப்பேன். ஃபோன்ல மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டிருந்தாலும் சைகையில கேட்டுட்டு வந்துருவேன், தொந்தரவே பண்ண மாட்டேன்.

ஒருநாள் மத்தியானம் படுத்திருந்தா. மணி மூணு. போயி எழுப்பி, நல்லாத் தூங்கறியா கண்ணுன்னு கேட்டேன். அதுக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம். "தூங்கிட்டிருந்தவள எழுப்பித் தூங்கறியான்னு கேக்கறியேம்மா, நான் என்ன உன்ற சர்வரா"ன்னு கேட்டா. எதுத்த வீட்டுக்குக் கேக்கற மாதிரி. நான் முன்ரூமுக்குப் போயிட்டேன். நாலு மணிக்கு அவ ரூம் கதவு தாப்பாப் போட்டிருந்துச்சு. நான் வெளியில நின்னே கேட்டுட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை வந்தாரு. கோகுலகண்ணன்னு பேரு, கரூர்ல பெட்ஷீட்டு ஏற்றுமதி பண்றாங்கல்ல, அதுல ஒரு கம்பெனியில இருக்கறாரு. பொறுமைசாலி. ரெண்டு பேரும் ரூமுக்குள்ள ரொம்ப நேரம் பேசிட்டு வெளிய வந்தாங்க. வந்து பாத்தா, இவ கையில பொட்டி. கொஞ்ச நாளைக்கு அங்க இருந்துட்டு வர்றேம்மாங்கறா. என்ன கண்ணு, நான் என்ன பண்ணேன்னேன். கிட்ட வந்து என்ற கையப் புடிச்சுட்டா. "நீ ஒண்ணும் பண்ணலம்மா. எனக்குக் கொஞ்சம் மூச்சு விடணும். ஏதாவதுன்னா நானே கூப்பிடறேன். நீ கூப்பிடாத, சரியா. நான் கூப்பிடறேன்"னா.

அவங்கப்பா சொன்ன அதே வார்த்தை. அவளுக்குத் தெரியாதுங்க அது. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டத்தான் சொல்றேன், நீங்க வெள்ளகோயில்ல எறங்கிப் போயிருவீங்க.

மறுபடி அடிக்குதுங்களா. அடிக்கும் அடிக்கும், அவங்களுக்கு வேற வேலை என்ன. கூப்பிடறது என்ற பொண்ணா இருந்தா என்ன பண்றதுன்னா கேக்கறீங்க? அவ கூப்பிட மாட்டாளுங்க. போயிப் பத்துப் பன்னண்டு நாளாச்சு, ஒரு வார்த்தை இல்ல. நானும் அவ சொன்ன மாதிரிக் கூப்பிடல, பல்லக் கடிச்சுட்டு இருந்தேன். மாப்பிள்ளை மட்டும் நல்லாருக்கறா அத்தைன்னு ரெண்டுவாட்டி மெசேஜ் போட்டாரு. இத்தனை நாளாக் கூப்பிடாதவ, நான் பஸ்ஸுல போற நேரம் பாத்தா கூப்பிடப் போறா.

இல்லீங்க, எடுத்துப் பாக்கறதுக்குச் சோம்பேறித்தனமில்ல. உங்களுக்கு எப்படிச் சொல்றது. அவ போன புதுசுல நானும் எடுத்து எடுத்துப் பாத்தேனுங்க. ஒவ்வொருவாட்டி எடுக்கறப்பவும் அவ பேரு அதுல இருக்காது. அது ஒவ்வொருவாட்டியும் சுருக்குன்னு இருக்கும். சத்தத்தைப் போட்டு வைக்கலாம்னு பாத்தா, சத்தம் வராதது காதுல கேட்டுட்டே இருக்குது. வேலை ஓடல, சோறு எறங்கல. அதனாலதான் மணிக்கு ஒருவாட்டின்னே இருந்துட்டேன். மணிக்கு ஒருவாட்டின்னா ஒருவாட்டிதானுங்க வலிக்கும். மிச்ச நேரம் அவ பேரு இருக்கும், இருக்கலாம்னு ஓட்டிரலாம்.

ஆனா நேத்து முடியலீங்க. வெளக்குப் போடறப்ப தோணுச்சு, இவ சும்மா இருக்கறாளா, இல்ல ஏதோ ஆகிக் கூப்பிட முடியாம இருக்கறாளா. பொள்ளாச்சி மாதிரி. ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்குமே. காலையில எந்திரிச்சு லீவு போட்டேன். ராசாமணிகிட்டக்கூடச் சொல்லல, அது அவளுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிரும்.

காங்கேயம் வந்துருச்சா. பரவால்ல, நல்லாத்தான் ஓட்டறான். டீ குடிக்கறதுன்னாக் குடிங்க, நான் எடம் பாத்துக்கறேன். எனக்கு வேண்டாம், எறங்குனா ஏற முடியாது, முட்டி வலி.

வந்துட்டீங்களா. அதோ எதுத்தாப்புல போச்சே ஒரு காரு, அரக்குக் கலரு, பாத்தீங்களா. அதே மாதிரிதானுங்க எங்க மாப்பிள்ளையும் வச்சிருக்கறாரு. பின்கண்ணாடியில ஒரு மஞ்சப் பொம்மைகூட அதே மாதிரி தொங்குது. இப்பெல்லாம் எல்லாரும் ஒரே மாதிரி வாங்கறாங்க. என்ன வேகம் போறான் பாருங்க, யாருக்கு என்ன அவசரமோ, பாவம்.

நான் போயி என்ன சொல்லப் போறேன்னு கேக்கறீங்களா. ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க. தொந்தரவு பண்ண வரல கண்ணு, பாத்துட்டுப் போக வந்தேன்னுவேன். அவளே வர்றேன்னு சொன்னாக் கூட்டிட்டு வருவேன். கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரியில பேரெல்லாம் பதிஞ்சு வச்சிருக்குது, அவளுக்குப் புடிச்ச டாக்டரம்மா. கட்டில ஜன்னல் பக்கம் மாத்திப் போட்டிருக்கறேன். கொழந்தைக்குப் பழைய வேட்டியெல்லாம் தொவச்சு மடிச்சு வச்சாச்சு. அவ வந்தா, இனிமே மணிக்கு ஒருவாட்டி கேக்கறதில்லீங்க. ரெண்டு மணிக்கு ஒருவாட்டிதான். அவளா ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி, அம்மா நீ வேணும்னு கூப்பிட்டாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

இருங்க. பன்னண்டு ஆச்சு.

கண்ணாடி எங்க வச்சேன். இந்தா இருக்குது.

என்னதுங்க இது.

தாரணி. தாரணி. தாரணி. மாப்பிள்ளை. தாரணி. எல்லாம் இவங்கதான். ஆபீஸ்ல இருந்து ஒண்ணுகூட இல்ல. பதினொண்ணு ரெண்டுக்கு முதல்ல அடிச்சிருக்கறா. நான் பாத்து உள்ள வச்சு ரெண்டு நிமிஷம்கூட முழுசா ஆகல.

மெசேஜ் ஒண்ணு இருக்குது. எனக்கு எழுத்து ஆடுது, நீங்க படிங்க. இல்ல, இல்ல, குடுங்க, நானே படிக்கறேன்.

"அம்மா, டாக்டர் இன்னைக்கே அட்மிட் ஆகிக்கச் சொல்லிட்டாங்க. கொழந்தையச் சுத்தித் தண்ணி கொறைவா இருக்காம், கோயமுத்தூர் போறதுன்னா உடனே போங்கன்னாங்க. எனக்குப் பயமா இருக்கு. உன்கிட்டயே வந்துடறேன், கெளம்பிட்டோம். ஏதாவதுன்னா நானே கூப்பிடறேன்னு சொன்னேன்ல. கூப்பிடறேன். எடும்மா."

ஏனுங்க, அந்தக் காரு. மஞ்சப் பொம்மை.

கண்டக்டர் சார், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. அடுத்த ஸ்டாப்புலயாவது நிறுத்துங்க சார். இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல, நான் தப்பான பக்கம் போயிட்டிருக்கறேன்.

ஹலோ. மாப்பிள்ளைங்களா. நான்தானுங்க. இல்லீங்க, நான் வீட்டுல இல்ல, பஸ்ஸுல இருக்கறேன். கரூருக்குத்தானுங்க வந்துட்டிருக்கறேன், அவளப் பாக்க. காங்கேயம் தாண்டிட்டேன். நீங்களும் தாண்டிட்டீங்களா. ஆமாங்க. பாத்தேன். உங்க காரப் பாத்தேனுங்க மாப்பிள்ளை. எப்படி இருக்கறா. அவகிட்டக் குடுங்க.

சரிங்க. சரிங்க, அழுதாப் பேச வேண்டாம்னு சொல்லுங்க, மூச்சு வாங்கும். வீட்டுக்குப் போகாதீங்க, பூட்டியிருக்குது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, பேரு பதிஞ்சிருக்குது. நான் பின்னாடியே வர்றேன். கொழந்த அசையுதான்னு மட்டும் கேளுங்க. கேட்டுச் சொல்லுங்க. அசையுதாம். சரிங்க. வச்சுடறேன்.

கண்ணாடி நனைஞ்சு போச்சு. உங்க முந்தானையில தொடைக்கறீங்களா, குடுங்க, தேங்க்ஸ்.

சரியான நேரத்துக்குத்தானுங்க பாத்தேன். நீங்களே சாட்சி. பன்னண்டுன்னாப் பன்னண்டு, ஒரு நிமிஷம் தவறல. அவதான் சித்த முன்னாடி கூப்பிட்டிருக்கணும். பதினொண்ணுக்கு அடிச்சிருந்தாப் பாத்திருப்பேன்ல, கையிலதானே வச்சிருந்தேன். பல்லடத்துலயே எறங்கி எதுத்த பஸ்ஸப் புடிச்சிருந்தா, அவ போயிச் சேர்றதுக்கு முன்னாடி நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னிருப்பேன். அவளா என்னையக் கூப்பிட்டாளுங்க. அம்மா எடும்மான்னு. நான் ஃபோனுக்குப் பக்கத்துல உக்காந்துட்டு உங்ககிட்டக் கதை பேசிட்டிருந்திருக்கறேன்.

நீங்க சொன்னீங்க. ரெண்டுவாட்டி சொன்னீங்க. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல.

பை குடுங்க. அந்தப் பிளாஸ்டிக் டப்பாவும். அதுல மாதுளம்பழம், உரிச்சு வச்சது. எதுத்த பக்கம் பஸ்ஸு அடிக்கடி வருங்களா? கால் மணிக்கு ஒண்ணா. சரி, நின்னு பாக்கறேன், வந்த வண்டியில ஏறிக்கறேன்.

ஏனுங்க, எறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. சிரிக்கக் கூடாது. எட்டு சர்வரு நான்தான் பாத்துக்கறேன், ஆனா இந்த ஃபோன்ல சத்தம் எங்க போடறதுன்னு எனக்கு மறந்தே போச்சுங்க. இந்தாங்க, நீங்களே போட்டுக் குடுங்க. நல்லாப் பெருசா வைங்க, இன்னும் பெருசா, பஸ்ஸுச் சத்தத்துலயும் கேக்கணும். கையிலயே வச்சுக்கறேன், பைக்குள்ள போடல.

மணிக்கு ஒருவாட்டி நானும் பாத்துக்குவேனுங்க. அது இருக்கட்டும்.